கஞ்சி வடிக்கும் கம்பி

எங்கள் ஊரில் கழனி வேலைக்குப் போகும் ஆதிலட்சுமியின் கம்பியைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதனாலேயே அதை அற்பம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகள் இரண்டை வளைத்து முறுக்கியிருந்தாள். ஒரு முனை சோற்றுக் குண்டானின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மறுமுனை மூடியை அழுத்திப் பிடிக்கும். எப்படிச் சாய்த்தாலும் கஞ்சி மட்டும் வடியும், மூடி நழுவாது. போன மாசியில் மூடி நழுவித்தான் கொதிக்கிற கஞ்சி அவள் காலில் கொட்டியது. ஒரு மாதம் கழனிப் பக்கமே போக முடியாமல் கிடந்தாள்.

எழுபத்தெட்டில் உத்திரமேரூரில் பேட்டண்ட் என்றால் என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு நினைப்பு. உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான வாத்தியார் இல்லையா!

“புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சு மெட்ராஸ்ல எழுதி வச்சுட்டா, வேற யாரும் அத்த செஞ்சு விக்க முடியாதாமே சார்? ரேடியோல சொன்னாங்கோ. இத்த எழுதி வைக்கலாமா?” என்று கேட்டாள்.

“இது யாருக்கும் தோணுறதும்மா. அதுக்கெல்லாம் பேட்டண்ட் தரமாட்டாங்க. வீண் அலைச்சல்.”

“நான் இன்னாத்த கண்டேன் சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.” கம்பியை என்னிடமே கொடுத்தாள். “அம்மாவாண்ட குடுங்க, கை சுடாம வடிப்பாங்கோ.”

அன்றே என் மனைவி நாமகிரி அதை மாட்டிச் சோறு வடித்தாள். அவள் விரல்களில் கஞ்சி பட்ட தழும்புகள் வரிசையாக இருக்கும்.

“யாருக்கும் தோணும்னு அவகிட்ட சொன்னது என் காதுல விழுந்தது. பதினெட்டு வருஷமா என் கையைப் பாத்துண்டிருக்கேள். உங்களுக்கு ஏன் தோணலை?”

சுருக்கென்றது. நான் சொன்னது தப்பு என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆதிலட்சுமி வீடு பத்து நிமிட நடைதான். வாத்தியாருக்கே தெரியவில்லை என்று நினைத்துவிடுவாளே என்று போகவில்லை.

அதோடாவது விட்டேனா? காஞ்சிபுரத்தில் பள்ளிக் கண்காட்சி வந்தது. கொண்டுபோக எங்களிடம் உருப்படியாக ஒன்றும் இல்லை. கம்பியை எடுத்துப்போய் மேஜையில் வைத்து, ‘அமைப்பு: சந்தானம், பி.எஸ்ஸி., பி.டி.’ என்று என் பெயரை அட்டையில் எழுதினேன்.

பாத்திரக்கடைக்காரர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க ஐடியாவா சார்?”

நான் சிரித்துவைத்தேன். அளவெடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு ஆதிலட்சுமி வந்தாள். கையில் எவர்சில்வர் கம்பி. அதே வளைவு, அதே முறுக்கு.

“காஞ்சிபுரத்துல கடை கடையா தொங்கிக்கினு கீது சார்.”

அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் கோபமே இல்லை.

“நீங்க அன்னிக்கே சொன்னீங்கோ. பாத்தீங்களா, வேற எவனுக்கோ தோணிக்கீது! நான் பாட்டுக்கு மெட்ராஸ் போயி பேஜாராயிருப்பேன். நல்லவேளை, உங்களாண்ட கேட்டேன்.”

சமையலறை வாசலில் நாமகிரி என்னையே பார்த்தபடி நின்றாள். சொல்லித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

“ஆமாம்மா” என்றேன்.

ஆதிலட்சுமி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.