கிழங்கு வெந்த செய்தி

பெதெலிக்குக் கடல் என்றால் பயம். புயலடித்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்கும் கூரை போட ஆள் வேண்டும் என்று ஃபிஜித் தலைநகர் சுவாவில் பாதிரியார் கேட்டபோது முதல் கை அவனுடையதுதான். பஸ் போகிற ஊர் என்று நினைத்துவிட்டான். தீவு என்று தெரிந்தபோது கையை இறக்க வழியில்லை. பக்கத்தில் மனைவி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

சுவாவில் பஸ் ஓட்டுகிற அவன் பிறந்தது உள்நாட்டு மலைப்பக்கம். கப்பலில், வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வெறும் தோலாக வந்து இறங்கினான். விடுதியை நடத்துகிற லொசலினி படகுத்துறையிலேயே அவனை மேலும் கீழும் பார்த்து, சுத்தியல் பிடிக்க ஆள் கேட்டால் சுத்தியலைவிட மெலிந்த ஆளையா அனுப்புவார்கள் என்றாள். அவன் மாகாணமும் அவள் மாகாணமும் காலங்காலமாகக் கேலி முறைக்காரர்கள். திட்டாமல் பேசினால்தான் மரியாதைக் குறைவு. அன்றிலிருந்து அவள் அவனுக்குக் கருவாடு, அவன் அவளுக்கு மலைக்கீரி.

விடுதிக்குக் கூரை போய்விட்டிருந்தது. பள்ளியில் ஒரே ஒரு வகுப்பறை தப்பியிருந்தது. பிள்ளைகள் அதிலேயே படித்து, அதிலேயே படுத்தார்கள். வாத்தியார் தம் குடும்பத்தைத் தேடிப் போயிருந்ததால் காலையில் பாடம் நடத்துவதும் பெதெலி தலையில் விழுந்தது. அவனுக்குத் தெரிந்தது பஸ். சந்தையில் எட்டுப் பேர் ஏறி ஆஸ்பத்திரியில் மூன்று பேர் இறங்கினால் மீதி எத்தனை என்று கேட்பான். இறங்கினவர்களுக்கு என்ன சீக்கு என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்பார்கள். மத்தியானம் கூரைமேல் ஏறித் தகரத்துக்கு ஒரு அடி, கட்டைவிரலுக்கு ஒரு அடி என்று பாகுபாடு இல்லாமல் அடிப்பான்.

பிள்ளைகளில் அசெனதா என்று ஒரு சின்னப்பெண். சிரிக்க மாட்டாள், ஆனால் எந்நேரமும் அவன் சட்டைநுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். புயல் நடுவில் காற்று சட்டென்று நின்றபோது, எல்லாம் முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள் என்று அவள் அப்பா கூப்பிட்டாராம். மனைவியோடு படகைப் பார்க்க ஓடினாராம். அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்துக் காற்று கடலையும் சேர்த்துக் கொண்டுவந்தது. வாசலைத் தாண்டாத அசெனதா மட்டும் மிஞ்சினாள். அதற்குப்பின் பெரியவர்கள் யார் "ஒண்ணுமில்ல, வா" என்று கூப்பிட்டாலும் அவள் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை.

அவளுக்காகவே லொசலினி ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பள்ளி முற்றத்தில் லாலி கிடந்தது. படகு போலக் குடைந்த பெரிய மரம், இரண்டு கட்டைகளால் அடித்தால் தீவின் மறுகோடிக்குக் கேட்கும். கடல் ஏறினால் ஓடு என்று சொல்ல ஒரு விதமான அடி. எல்லாம் ஓய்ந்தது, இறங்கி வா என்று சொல்ல வேறு விதமான அடி. சாப்பாட்டுக்கு இன்னொரு விதம். மனுசர் வாயை நம்ப வேண்டாம், லாலியை நம்பினால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள். பெதெலிக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. லாலி தெரியாத ஃபிஜிக்காரன் இருப்பானா என்று அவர்கள் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

ஒருநாள் கூரைமேல் அவன் கால் நடுங்கியதைப் பார்த்துவிட்டு, இன்னொரு புயல் வந்தால் மாமா எங்கே ஒளிவார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கரையோரச் சேற்றில் நிற்கிற கண்டல் மரங்களுக்குள், கடல் தூக்கி எறிந்ததில் கவிழ்ந்து கிடந்த ஒரு படகைக் காட்டினான்.

"அதுக்கு அடியிலதான். கடல் வந்து குனிஞ்சு பாக்கும். இது ஏதோ கிழட்டு நண்டு, இதத் தின்னா வயித்துக்கு ஆகாதுன்னு போயிடும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அசெனதா மட்டும் சட்டைநுனியை விடாமல் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்திலேயே வானம் கெட்டது. காலையிலிருந்து வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. கடற்பறவைகள் கத்தாமல் மலைப்பக்கம் போயின. மேற்கே ஒரு சுழற்சி உருவாகியிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை என்று ரேடியோ சொன்னது. பெதெலி வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான். பயம் வந்தால் அவன் வாய் பிரேக் பிடிக்காத வண்டி. லொசலினி, அடுப்பில் மரவள்ளிக்கிழங்கை ஏற்றிவிட்டு, ஊர்த்தலைவர் வீட்டில் அடுத்த செய்தி கேட்கக் கிளம்பினாள்.

"கெழங்கு வெந்ததும் பிள்ளைங்களக் கூப்பிடு, கீரி. மூடியத் தொறந்து தொறந்து பாக்காத."

கிழங்கு வெந்தது. பிள்ளைகள் தட்டுகளோடு மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாயால் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் லாலி கண்ணில் பட்டது, கை அரித்தது. சின்ன வயதில் அவன் ஊரில் சாப்பாட்டுக்கு அடிப்பார்களே, நீளமாக ஒன்று, படபடவென்று மூன்று, அதை நினைத்துக்கொண்டு உற்சாகமாக அடித்தான்.

சிரிப்புச் சத்தம் கத்தரித்தது போல நின்றது.

ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை. தட்டுகள் தரையில் விழுந்தன. பெரியவை சின்னவற்றின் கையைப் பிடித்தன. வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல், மொத்தமாக மலைப்பாதையில் ஓடின. ஊருக்குள்ளிருந்தும் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். "சாப்பாடுதான், சாப்பாடுதான்" என்று பெதெலி பின்னால் கத்திக்கொண்டே ஓடினான். அவன் மலையூரில் வயிற்றை அழைக்கிற அடி இந்தக் கடற்கரை ஊரில் உயிரை விரட்டுகிற அடி என்பது பாதிப் பாதையில்தான் அவனுக்கு உறைத்தது. இடுப்பில் சுற்றியிருந்த சுலு வேட்டி காலில் சிக்கி விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான்.

மேட்டில் பிள்ளைகள் பாறையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் ஈரமான கால்சட்டையை மறைத்துக்கொண்டிருந்தான். மூச்சிரைக்க ஏறி வந்த லொசலினி யாரையும் எதுவும் கேட்கவில்லை. விரலை நீட்டி எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"அசெனதா எங்க?"

பெதெலி தன் சட்டைநுனியைத் தொட்டுப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

கப்பலில் வந்த பயமெல்லாம் இதன் முன்னால் விளையாட்டு. நான்தான் அடித்தேன், எங்கள் மலையூரில் சாப்பாட்டுக்கு அப்படித்தான் அடிப்போம் என்று சொன்னான். லொசலினி பதிலுக்குத் திட்டவில்லை. கேலி முறைக்காரி திட்டாமல் போனது அவனை ஓங்கி அறைந்தது போலிருந்தது.

பிள்ளைகளை ஊர்ப் பெண்களிடம் விட்டுவிட்டு இருவரும் கீழே ஓடினார்கள். வகுப்பறை, தண்ணீர்த் தொட்டி, மூங்கில் புதர், கூரையில்லாத விடுதி அறைகள். பெதெலி பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அழுகையை அடக்கிக்கொண்டு வேடிக்கைக் குரலில்கூடக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. மழை தூறியது. அலை ஏற்றம் தொடங்கியிருந்தது. கண்டல் மரங்களின் வேர்கள் மூழ்கிக்கொண்டிருந்தன. கவிழ்ந்த படகைச் சுற்றித் தண்ணீர் நின்றது. கரையில் நின்றபடியே அந்தப் பக்கமும் ஒருமுறை கத்தினான். இவ்வளவு தண்ணீரில் குழந்தை எப்படி அங்கே போகும் என்று திரும்பிவிட்டான்.

"நீ கூப்பிட்டா வரமாட்டா. நான் கூப்பிட்டாலும் வரமாட்டா" என்றாள் லொசலினி. "பேரச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ள போய் ஒடுங்குவா."

"அப்ப லாலிய அடி. எல்லாம் ஓஞ்சதுன்னு அடி, அத நம்புவால்ல?"

லொசலினி கட்டைகளைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அடிக்காமல் நின்றாள்.

"ரேடியோவுல என்ன சொன்னான் தெரியுமா? அது இந்தப் பக்கம்தான் திரும்பிக்கிட்டு இருக்காம். ராத்திரி வரலாம், வராமலும் போகலாம். இப்ப ஓஞ்சதுன்னு அடிச்சா, மேல இருக்கற அத்தனையும் எறங்கி வரும். அப்புறம் காத்து வந்துச்சுன்னா? அவ அப்பன் சொன்ன பொய்ய நானும் சொல்லவா?"

"பிள்ளை தண்ணியில இருந்தா?"

"அதத்தான நானும் நெனச்சுக்கிட்டு நிக்கறேன்" என்றாள். அலை, முற்றத்து ஓரத்துத் தென்னையின் அடியை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது.

பெதெலிக்குத் தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. கண்ணில் பட்டது அடுப்புதான். மூடி இன்னும் தடதடத்துக்கொண்டிருந்தது.

"கருவாடு, ஓஞ்சதுன்னு சொல்ல வேண்டாம்" என்றான். "கெழங்கு வெந்துடுச்சுன்னு சொல்லலாம்ல? அது பொய்யில்லையே. கெழங்குக்காக மேல இருக்கற பிள்ளைங்கள ஊர்ப் பொம்பளைங்க எறங்க விடமாட்டாங்க. நல்லா வெந்துடுச்சு. நான் மூடியத் தொறந்து பாத்தேன்."

லொசலினி அவனைப் பார்த்தாள். மூடியைத் திறந்ததற்கு அவள் உதடு தானாகத் திட்டப் போய் நின்றது. பிறகு திரும்பி லாலியை அடித்தாள். அவன் அடித்தது போல இல்லை. மெதுவாக, சோம்பலாக, ஒரு தாய் தொடையில் தட்டுவது போல இரண்டு இரண்டாக. நிறுத்தினாள். மறுபடி அடித்தாள்.

மழைச்சத்தம் மட்டும் கேட்டது. பெதெலி சர்ச்சில் வேண்டிக்கொண்டதையெல்லாம் மறந்து, இதை மட்டும் கொடு, இனி வாயே திறக்க மாட்டேன் என்று வேண்டினான். நிறைவேற்ற முடியாத வேண்டுதல் என்று அப்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது. லொசலினி மூன்றாம் முறை அடித்தாள்.

கண்டல் பக்கம் தண்ணீர் சலசலத்தது. கவிழ்ந்த படகின் விளிம்புக்குக் கீழே முதலில் ஒரு அலுமினியத் தட்டு வெளியே வந்தது. அப்புறம் ஒரு கை. அப்புறம் தலை.

மலைநாட்டுக்காரன் கடலுக்குள் ஓடினான். தண்ணீர் அவன் இடுப்பளவுதான், அவளுக்கோ கழுத்தளவு. வேர்களில் கால் கிழிந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போதுதான் தான் நிற்பது கடலில் என்று நினைவு வந்தது. அவள் தலையைத் தடவிக்கொடுக்கக் கை போனது. பிறர் தலையைத் தொடுவது அவர்கள் வழக்கத்தில் ஆகாது என்பதால் பாதியில் நிறுத்தி, குளிர்ந்த பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

கரையில் இறக்கிவிட்டதும் அசெனதா அவன்மேல் கோபமாக இருந்தாள்.

"நீ அங்க இல்ல" என்றாள். "அதுக்கு அடியிலதான் இருப்பேன்னு சொன்ன. உனக்கு மலைக்குப் போற வழி தெரியாதேன்னு கூட்டிட்டுப் போக வந்தேன். எவ்வளவு நேரம் பாத்தேன் தெரியுமா?"

லொசலினி முந்தானை மாதிரி சுலுவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பானைப் பக்கம் போய்விட்டாள்.

"கடல் வருதா?" என்று அசெனதா கேட்டாள்.

ஒண்ணுமில்ல என்று சொல்ல வாய் திறந்து, மூடினான். "தெரியல. வந்தாலும் வரும். எனக்குப் பயமா இருக்கு."

பெரியவர் ஒருவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை போலிருந்தது. பிறகு தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவன் சட்டைநுனியைப் பிடித்தாள்.

"அப்ப மேல போய்ச் சாப்பிடலாம்" என்றாள்.

லொசலினி பானையின் ஒரு காதைத் துணியோடு பிடித்தாள், பெதெலி மறுகாதைப் பிடித்தான். கிளம்புமுன் லாலிக் கட்டைகள் இரண்டையும் அவள் எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கீரி கையில் இனி கரண்டிகூடக் கொடுக்கப்போவதில்லை என்றாள். அந்தத் திட்டு அவன் காதுக்குத் தேன் போல இருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அசெனதா சட்டையை இழுத்து, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று அவனுக்கு வழி காட்டினாள்.