பெர்னதெத் துலக்கிய வால்வுகள்

ஜோகுபாளையத்து வீட்டு வாசலில் அன்று மூன்று பேர்: என்ஜின் திறந்து கிடந்த பழைய காரின் மட்கார்டில் ஆம்ப்ரோஸ், கவிழ்த்த பக்கெட்டின் மேல் அவன் மனைவி பெர்னதெத், படியில் பக்கத்து வீட்டு சுந்தரேசன். சுந்தரேசன், இவர்கள் எழுதப்போகும் கடிதத்தைச் சாயங்காலத் தபாலில் சேர்க்கக் காத்திருந்தார்.

கடிதம் கோலாரிலிருக்கும் பெர்னதெத்தின் அண்ணன் சிரிலுக்கு. தங்கை நோராவின் கல்யாணத்துக்குக் கார் வருமா என்று இன்றைக்கே எழுதியாக வேண்டும்; வராவிட்டால் அவன் ஜட்கா வண்டிக்குச் சொல்லிவிடுவான். "உன்னைக் காரிலேதான் சர்ச்சுக்குக் கூட்டிப்போவேன்" என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்தவள் பெர்னதெத்.

காரியத்தைக் கெடுத்தவளும் அவள்தான். எட்டு வால்வுகளையும் அதனதன் குழியில் தேய்த்துப் பொருத்தி, துளைபோட்ட பலகையில் ஆம்ப்ரோஸ் வரிசையாகச் செருகி வைத்திருந்தான். கரியும் பிசுக்குமாக இருக்கிறதே என்று காலையில் அவள் அத்தனையையும் சாம்பல் போட்டுத் துலக்கி முறத்தில் காயவைத்துவிட்டாள். எது எந்தக் குழிக்கு என்பது இனி கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

"வெள்ளிக் கரண்டியாட்டம் மின்னுது, பெர்னா. குழம்பு ஊத்தலாம்."

"கேலி பண்ணாதீங்க. மறுபடி தேய்க்க முடியுமா, முடியாதா?"

"டப்பா மூடியில ஒட்டின தேய்ப்புப் பசைதான் மிச்சம். என் முரட்டுக் கைக்கு நாலு வால்வுக்குக்கூடக் காணாது."

ரப்பர் குமிழ் வைத்த தேய்ப்புக் குச்சியை அவள் பிடுங்கிக்கொண்டாள். குமிழை நனைத்து வால்வின் தலையில் அழுத்தினாள், கவ்விக்கொண்டது. துளிப் பசை தடவிக் குழியில் வைத்து, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே மோர் கடைவது போல உருட்டினாள்.

"வெண்ணெய் திரண்டா எங்காத்துக்கும் கொஞ்சம் அனுப்புங்கோ," என்றார் சுந்தரேசன்.

"மொதல்ல மோர் வரட்டும் சாமி," என்றாள், கையை நிறுத்தாமல்.

ஒவ்வொன்று முடிந்ததும் ஆம்ப்ரோஸ் துடைத்து, விளிம்பில் குறுக்கே பென்சில் கோடுகள் போட்டு, குழியில் வைத்து ஒரு திருப்புத் திருப்பினான். கோடெல்லாம் அழிந்தால் வால்வு சரியாக உட்கார்ந்தது என்று அர்த்தம். ஒன்று மிஞ்சினாலும் கசியும்.

கடைசி வால்வில் ஒரு கோடு மிஞ்சியது. பசை தீர்ந்திருந்தது. பெர்னதெத் கொண்டை ஊசியை உருவி, மூடியின் மடிப்பைச் சுரண்டினாள். மிளகளவு வந்தது. மறுபடி உருட்டினாள்.

ஆம்ப்ரோஸ் திருப்பிப் பார்த்தான். கோடு இல்லை.

சிவந்துபோன அவள் உள்ளங்கையைப் பிடித்து ஊதினான். சுந்தரேசன் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அதே பென்சிலால் எழுதினான்: 'கார் வரும். ஜட்கா வேண்டாம். என்ஜினைக் கடைந்தது உன் தங்கச்சி.'

"சாம்பல் விஷயத்தை எழுதாதீங்க!"

"அதை நேர்ல சொல்லிக்கறேன்."

அவள் முறைத்தபடியே சோற்றுப் பருக்கை கொண்டுவந்து உறையை ஒட்டினாள். சுந்தரேசன் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.