பத்தாவது போலி

எனக்கு இயந்திரங்கள் மேல் கோபம் கிடையாது. இயந்திரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் மனிதர்கள் மேல்தான் கோபம். அந்தக் கோபத்தை இருபத்திரண்டு வருடமாக மூன்றாவது மாடியில், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பத்திரமாக வளர்த்து வருகிறேன்.

என் வேலை, வெடித்த நட்சத்திரங்களைப் பிடிப்பது. சூப்பர்நோவா என்று சொன்னால் கல்யாண வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். செய்வதென்னவோ துணிக்கடையில் ஓட்டைச் சட்டை பொறுக்குவது போன்ற வேலை. மலை மேல் இருக்கும் தொலைநோக்கி இரவெல்லாம் படம் எடுக்கும். அதிலிருந்து, அதே இடத்தின் பழைய படத்தைக் கணினி கழிக்கும். எப்போதும் இருப்பதெல்லாம் போய்விடும், புதிதாக வந்தது மட்டும் மிஞ்சும். மிஞ்சுவதிலும் பெரும்பாலும் குப்பைதான். விமானம், செயற்கைக்கோள், கண்ணாடியில் வந்து உட்கார்ந்த பூச்சி. காலையில் நான் வந்து நானூறு பொட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து உண்மை, குப்பை என்று பிரிக்க வேண்டும்.

பொட்டு எந்த விண்மீன் மண்டலத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். எங்கள் ஆபீசில் அதற்கு 'வீடு' என்று பெயர். "எந்த வீட்டுல வெடிச்சுது?" என்பதுதான் முதல் கேள்வி. வீடு தெரியாத வெடிப்பை இங்கே ஒருவரும் சீந்த மாட்டார்கள்.

இந்த வேலையைத்தான் 'சல்லடை' என்கிற ஒரு நிரலிடம் கொடுத்துவிடலாமா என்று இயக்குநருக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. சல்லடையை எழுதியவர் யார் தெரியுமா? என் தங்கை புருஷன். சொந்த மாப்பிள்ளை. இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு என் நாற்காலிக்கு வேட்டு வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, வெட்கமில்லாமல் இரண்டு தடவை சோறும் வாங்கிச் சாப்பிடுகிறார்.

"அக்கா, சல்லடைக்குத் தூக்கம் வராது, லீவு வேணாம், கோபம் வராது."

"சாப்பாடும் போட வேணாம் மாப்பிள்ளை. உங்களைவிட அது எவ்வளவோ தேவலாம்."

இயக்குநர் ஒரு பரீட்சை வைத்தார். திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு இரண்டாக, மாப்பிள்ளை பத்துப் போலிப் பொட்டுகளை நிஜப் படங்களுக்குள் ஒளித்து வைப்பார். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருக்கிற வழக்கம்தான் இது. பார்ப்பவர்கள் விழித்திருக்கிறார்களா என்று சோதிக்க, நாமே பொய் நட்சத்திரம் செய்து படத்தில் ஒட்டுவது. போலியைப் போலி என்று நான் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் நாற்காலி சல்லடைக்கு. வாரம் முடியும்வரை மாப்பிள்ளையிடம் பரீட்சையைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் பரீட்சை செல்லாது. நாற்காலி போனால் என்னைக் கிடங்கில் அந்தக் காலத்து வானப் படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளைத் துடைக்க அனுப்புவார்கள். எனக்குத் தூசி ஆகாது என்பது ஊருக்கே தெரியும்.

முதல் இரண்டு போலிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடித்தேன். வட்டம் ரொம்பச் சுத்தமாக இருந்தது. நிஜ நட்சத்திரத்துக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. மூன்றாவது கொஞ்சம் கஷ்டம். படத்தில் அது எந்த இடம் என்று பார்த்தேன். ஒவ்வொரு பொட்டுக்கும் குறுக்கே ஒரு எண், நெடுக்கே ஒரு எண் இருக்கும். குறுக்கே 2846. அடடா, இது மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் நம்பர் அல்லவா! அந்த ஸ்கூட்டரைத் தேடி எத்தனை வாகன நிறுத்தங்களில் அலைந்திருக்கிறேன்.

பொய்க்கு இடம் வைக்கச் சோம்பேறித்தனம், அதனால் மனுஷன் தனக்கு ஞாபகமிருக்கும் எண்களையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கப்புறம் எனக்குக் கண்ணே தேவைப்படவில்லை. நாலாவது, அவருடைய செல்போனின் கடைசி எட்டு இலக்கம். ஐந்தாவது, மகளின் பள்ளிச் சேர்க்கை எண். ஆறாவது, நாயின் தடுப்பூசி அட்டை. ஏழாவதை மட்டும் கண்டுபிடிக்க அரை மணி ஆனது, அது அவருடைய பழைய காதலியின் பிறந்த நாள். தங்கையிடம் சொல்லவில்லை. எந்த நேரத்தில் எதை எடுத்து வீசலாம் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது போலிகள் என் பையில் இருந்தன. பத்தாவது மட்டும் பாக்கி. நானூறையும் பார்த்தாயிற்று, ஒன்றும் தேறவில்லை. கடைசியாக, சல்லடை வேண்டாமென்று ஒதுக்கிய குப்பைத் தொட்டியையும் கிளறினேன். நான் யாரையும் நம்புகிற ஜாதி இல்லை.

அங்கே இருந்தது. ஒரு பெரிய, பக்கத்து மண்டலம். அதன் மையத்தை ஒட்டினாற்போல ஒரு பொட்டு. மையத்தில் வெளிச்சம் அதிகம், கழிக்கும்போது பிசிறு விழும் என்பதால் சல்லடை நூற்றுக்கு மூன்று மதிப்பெண் கொடுத்துத் தூக்கிப் போட்டிருந்தது. முந்தின நாள் படத்தில் அந்தப் பொட்டு இல்லை. உண்மையென்றால், வெடித்து ஒரு நாள்கூட ஆகாத சூப்பர்நோவா. பத்து வருடத்துக்கு ஒரு முறை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இடத்தைப் பார்த்தேன். குறுக்கே 1709. நெடுக்கே 2011.

இரண்டாயிரத்துப் பதினொன்று, செப்டம்பர் பதினேழு. என் தங்கையின் கல்யாண நாள். நான்தான் மண்டபம் பிடித்தேன், நான்தான் பந்தியில் நின்று கத்தினேன், எனக்கு மறக்குமா? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாட்டினீங்களா மாப்பிள்ளை!" என்று போலிக் கட்டத்தில் சொடுக்கக் கையைக் கொண்டுபோனேன்.

அப்போது என் சத்தம் கேட்டு எதிர் அறையிலிருந்து 'ஒரு நொடி' ஓடி வந்தார். ரேடியோ வெடிப்புகளைக் கேட்கிறவர் அவர். வானத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து ரேடியோ அலை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் பளிச்சென்று அடித்துவிட்டுப் போகும். அதைப் பற்றி இவர் ஒரு மணி நேரம் பேசுவார். ஆரம்பிக்கும்போது "ஒரு நொடி" என்பார்.

"ஒரு நொடி மேடம். அது எந்த வீடு?" என் திரையைப் பார்த்தவர் அப்படியே சிலையாகிவிட்டார். "ஐயோ! இது என் வீடு! போன வருஷம் நான் பிடிச்ச ரேடியோ வெடிப்பு இந்த வீட்டுலேர்ந்துதான் வந்துச்சு! இதே வீட்டுல இப்போ சூப்பர்நோவாவா?"

"குதிக்காதீங்க. இது போலி."

"போலியா? உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? பெரிய தொலைநோக்கி ராத்திரி எதைப் பார்க்கணுங்கிற பட்டியலை இன்னைக்கு மூணு மணிக்கு மூடிருவாங்க மேடம். முதல் ராத்திரியே பார்த்தாத்தான் எந்த மாதிரி நட்சத்திரம் வெடிச்சதுன்னு தெரியும். விட்டா விட்டதுதான், இந்த ஜென்மத்துல கிடைக்காது."

அவர் போன பிறகும் என் கை அந்தரத்திலேயே நின்றது. உண்மையைப் போலி என்று சொன்னால், வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் வந்ததைக் குப்பையில் போட்டவள் என்று பெயர். போலியை உண்மை என்று உலகத்துக்கு அறிவித்தால், ஆபீஸ் மானம் போகும், கூடவே என் நாற்காலியும் போகும். வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மையத்துப் பிசிறில் சுத்தமும் தெரியவில்லை, அழுக்கும் தெரியவில்லை. உண்மையாகவே பயந்தேன். ஒரு வாரமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கூட்டர் நம்பரையும் நாய் அட்டையையும் பார்த்தே பழகிவிட்டேன், இப்போது கண் வேண்டும் என்கிறபோது கண் வேலை செய்யவில்லை.

இரண்டேகால் மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நான் இந்த ஆளோட இனிமே குடித்தனம் பண்ண மாட்டேன்."

"அப்புறம் பேசறேன்டி, இங்க தலைக்கு மேல வேலை."

"நேத்து என்ன நாள்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கல்யாண நாள். பதினஞ்சாவது. ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? மறந்துட்டாரு! இந்த வருஷமும்! காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. புதுப் புடவை கட்டிக்கிட்டு முன்னாடியே நிக்கிறேன், 'எங்கயாவது வெளிய போறியா'ன்னு கேக்கறாரு."

"இரு, இரு. சும்மா நடிச்சிருப்பாரு. ஏதாவது பெருசா பண்ணணும்னு மனசுல வெச்சிருப்பாரு. இன்னைக்குக் காலையில ஆள் எப்படி இருந்தாரு? உள்ளுக்குள்ள சிரிக்கிற மாதிரி இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு, என் பொழைப்பே இதுல இருக்கு."

"சிரிப்பா? நான் பாத்திரத்தையெல்லாம் டமால் டமால்னு போட்டேன் அக்கா. சமையலறைக்குள்ள எட்டிப் பார்த்து, 'முகம் ஒரு மாதிரி இருக்கே, ஜலதோஷமா?'ன்னு கேட்டாரு."

"ஜலதோஷமான்னா கேட்டாரு?"

"ஆமா. மாத்திரை வேற எடுத்துக் கொடுத்தாரு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "நீ நல்லா இருப்படி! தீர்க்காயுசா இரு!" என்று போனை வைத்தேன். அவள் என்னையும் திட்டியிருப்பாள், பாவம்.

ஜலதோஷமா என்று கேட்கிற மனிதன் அந்த எண்ணைத் தெரிந்தே போட்டிருக்க முடியாது. நாயின் ஊசித் தேதி அவருக்குத் தெரியும், பழைய காதலியின் பிறந்த நாள் தெரியும். பதினைந்து வருடமாக, திட்டு வாங்கி வாங்கியும், தெரியாத தேதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் ஒரு பொட்டு இருக்கிறதென்றால் அதைக் கடவுள் வைத்திருக்கலாம், இயற்கை வைத்திருக்கலாம், மாப்பிள்ளை மட்டும் வைத்திருக்கவே மாட்டார்.

'உண்மை' என்று சொடுக்கினேன். மணி இரண்டு ஐம்பத்தொன்று. அறிக்கைப் படிவத்தில் 'முடிவுக்கு அடிப்படை' என்று ஒரு கட்டம் இருந்தது. எதையாவது பூசி மெழுகியிருக்கலாம். எழுதப் போனபோது ஒரு வாரமாக நான் செய்த திருட்டுத்தனத்தை மறைக்க மனசு வரவில்லை. கண்ணால் பிடித்தது இரண்டுதான், மற்ற ஏழும் சொந்தபந்தத்தால் பிடித்தது என்று எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். காதலியை மட்டும் 'இன்னொரு எண்' என்று போட்டேன்.

திங்கட்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டார். மாப்பிள்ளை ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை போலிருக்கிறது.

இயக்குநர் என் படிவத்தை இரண்டு முறை படித்தார். "பெரிய தொலைநோக்கியிலேர்ந்து செய்தி வந்திருக்கு. அது நிஜ சூப்பர்நோவா. இவ்வளவு சீக்கிரத்துல இதுவரைக்கும் நம்மள்ல யாரும் பிடிச்சதில்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த 'ஒரு நொடி' கைதட்டினார்.

"ஆனா பத்தாவது போலி எங்க?" என்றார் இயக்குநர். "அதை நீங்க பிடிக்கலையே."

வந்த அழுகை உள்ளே போய்விட்டது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அது... வெள்ளிக்கிழமை காலையில வீட்டுல ஒரே பாத்திரச் சத்தம் சார். பயந்துபோய் ஆபீசுக்கு ஓடி வந்துட்டேன். ரெண்டு போடணும், ஒண்ணுதான் போட்டேன். ரெண்டாவது... மறந்துட்டேன்."

"அதையும் மறந்துட்டீங்களா?" என்றேன். இயக்குநர் முன்னால் என்றுகூடப் பார்க்கவில்லை, அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்பதுக்கு ஒன்பது. சரி. நீங்க எழுதியிருக்கிற இந்த முறை... இதைச் சல்லடைக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா?"

"தாராளமா சார். முதல்ல அதுக்கு ஒரு தங்கச்சி வேணும். அப்புறம் அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணும். பதினஞ்சு வருஷம் ஆகும்."

நாற்காலி எனக்கே என்று தீர்ப்பானது. இனிமேல் குடும்ப எண்கள் கூடாது என்று மாப்பிள்ளைக்கு எழுத்தில் உத்தரவு போனது.

ஒரு மாதம் கழித்து, வழக்கமான சோதனைக்கு அவர் போலி வைத்த வாரம், ஒரு காலையில் அவரே மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் மேஜைப் பக்கத்திலேயே நின்றார்.

"இன்னைக்குப் படத்தைக் கொஞ்சம் கவனமாப் பாருங்கக்கா. உத்தரவை மீறி ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கேன். உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அந்தத் தேதி இனிமே இந்த மண்டையை விட்டுப் போகாது."

முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கே மனசு இளகிவிட்டது. தேடினேன். அழகான ஒரு சுருள் மண்டலத்தில், ஓரமாக, சுத்தமான வட்டமாக இருந்தது பொட்டு. இடத்தைப் பார்த்தேன்.

குறுக்கே 1809. நெடுக்கே 2011.

பாத்திரம் பறந்த நாளை அந்த மனிதர் கல்யாண நாள் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பேசாமல் போலி என்று சொடுக்கினேன். நிஜ நட்சத்திரமென்றால் தேதியைச் சரியாகச் சொல்லியிருக்கும்.