பின்பக்கத் துணி

கொழுந்தன் இரண்டு விரல் நுனியால் அந்த விரிப்பைப் பிடித்து இழுத்தான். அவனுடைய அண்ணனின் உடம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்ததால் அது சுலபத்தில் வரவில்லை. இன்னொரு கையால் உடம்பைக் கொஞ்சம் தூக்கினால் வந்துவிடும். அதற்குத் தொட வேண்டுமே. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு அவன் வெடுக்கென்று இழுத்ததில், செத்துப்போனவரின் தலை கட்டில் சட்டத்தில் இடித்தது.

"மெதுவா தம்பி," என்றாள் அவள்.

"ஆஸ்பத்திரித் துணி அண்ணி. இதை வெளிய போட்டாத்தான் நாலு பேர் உள்ள வந்து பாப்பாங்க. இதைத் தொட்டுத் தொட்டுத்தானே அண்ணனுக்கு இந்தக் கதி."

மாரடைப்பு என்று டாக்டர் அவனை வைத்துக்கொண்டுதான் சொன்னார். அவன் வாசலுக்கு வெளியே வீசிய விரிப்பை அவள் எடுத்து வந்து பார்த்தாள். ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு இருந்தது. அவள் கணவர் போட்ட முடிச்சு. அவர் துவைத்து, அவள் இஸ்திரி போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய விரிப்பின் மேலேதான் நேற்று அவர் உயிர் போயிருக்கிறது.

அதை மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு முன்னால் இருந்த லாண்டரி அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தியது. ஊரில் பாதிப் பேருக்கு வேலை போன வருஷத்தில் கடை படுத்துவிட்டது. ஆபீஸே இல்லாதவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு? துவைக்கக் கொடுத்த கோட்டுகளை வாங்கிப் போகக்கூட ஆள் வரவில்லை. கண்ணாடி அலமாரியில் அவை வரிசையாகத் தொங்கின. தம்பி நாள் முழுவதும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசி, ரத்தமும் மூத்திரமும் ஊறிய மூட்டைகளோடு வந்து இறங்கினார்.

"பீத்துணி துவைக்கவா நான் பொறந்தேன்?" என்று தம்பி அன்றைக்கே விலகிப் போனான். அடுத்த தெருவில் தனிக்கடை போட்டான். அதுவும் ஈயாடியது.

அவளுக்கும்தான் குமட்டியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பின்பக்கம் கொட்டகை போட்டு, ஒரு மெஷினை அங்கே தள்ளிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரித் துணிக்கெல்லாம் சிவப்பு முடிச்சு. முடிச்சு உள்ள துணி எதுவும் முன்பக்கத்து மெஷினைப் பார்க்கக் கூடாது. மூட்டை பிரிக்கும் வேலைக்கு அவளை அவர் கூப்பிட்டதே இல்லை. துவைத்துக் காய்ந்த பிறகுதான் துணி அவள் மேஜைக்கு வரும். இவ்வளவும் செய்தவர் கடைசியில் ஒரு வேலை பார்த்தார். ‘ஆஸ்பத்திரித் துணி பின்பக்கம், வீட்டுத் துணி முன்பக்கம்’ என்று கடை வாசலிலேயே போர்டு எழுதி மாட்டிவிட்டார்.

"எவன் கேட்டான் உங்களை? இருக்கற நாலு பேரும் ஓடிடுவாங்க," என்று அவள் கத்தினாள்.

"ஓடட்டும். பின்னாடி தெரிஞ்சா காறித் துப்புவாங்க. அதுக்கு இப்பவே ஓடட்டும்."

ஓடத்தான் செய்தார்கள். ஆனால் மூட்டைகள் தினமும் வந்தன. அடுப்பு எரிந்தது.

வேலை முடிந்ததும் கொட்டகைக் குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவுவார். "ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு கடைக்கு வர்றவங்களுக்கு, ஒண்ணு உனக்கு," என்பார். அப்படியும் அவர் கை தன் தோளில் பட்டால் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் மூன்று முறை கழுவுவார்.

கடைக்காரர் சங்கத் தலைவர் வந்து தலைமாட்டில் நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நெருக்கடியிலும் முடங்கிப் போகாம வழி கண்டுபிடிச்ச மனுஷன். நம்ம எல்லாருக்கும் முன்னுதாரணம்."

சங்கக் கூட்டத்தில் அவள் கணவர் வந்து உட்கார்ந்ததும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்ட முன்னுதாரணம் இந்தத் தலைவர்தான். ‘பீத்துணி’ என்று பட்டப்பெயர் வைத்ததும் இதே வாய். இன்றைக்கும் கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கவில்லை. பிணத்துக்கு நாற்றமே கிடையாது, இப்போதுதான் குளிப்பாட்டியிருக்கிறது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வாசலில் ஆஸ்பத்திரி வேன் நின்றது. துணிகளுக்குப் பொறுப்பான ஸ்டோர்க்காரம்மா இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நாளைக்கு வார்டுல போட விரிப்பு இல்ல. உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வேற எடம் பாத்துக்கறேன். ஆனா ஒரு தடவை வேற எடத்துக்குப் போனா, மறுபடி இங்க திருப்பறது என் கையில இல்ல."

கொழுந்தன் முன்னால் வந்தான். "வேற எடம் எதுக்கு? நான் எடுத்துக்கறேன். அண்ணன் உயிரைக் குடுத்து வளர்த்த தொழில். அண்ணி பாவம், தனியா என்ன பண்ணுவாங்க?"

"ஆமாம்மா, இவர்தான் அன்னிக்கே வந்து கேட்டாரே, தன் பேருக்கு மாத்திக் குடுங்கன்னு."

"என்னிக்கு?" என்று கேட்டாள் அவள்.

"அவரைச் சேர்த்த அன்னிக்கு. மேல வார்டுல பாத்துட்டு நேரா ஸ்டோருக்குத்தான் வந்தாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கொழுந்தன் செருப்பைப் பார்த்தான். மூக்கில் குழாயோடு கிடந்த மனிதர், தம்பி வந்து பார்த்துவிட்டுப் போனான் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டார். அவள் தொண்டையில் கசப்பாக என்னவோ மேலே ஏறி வந்தது. எந்த மூட்டையும் அவளுக்கு அப்படிச் செய்ததில்லை.

"மூட்டையைப் பின்பக்கம் எறக்கச் சொல்லுங்க," என்றாள் ஸ்டோர்க்காரம்மாவிடம். பிறகு கொழுந்தனைப் பார்த்து, "வாங்க தம்பி, பிரிக்கலாம்."

கொட்டகையில் அவன் சுவரோரமாக நின்றான்.

"அப்படியே மெஷின்ல கொட்ட வேண்டியதுதானே அண்ணி?"

"ஊசி கெடக்கும், கத்தரி கெடக்கும். ஒட்டியிருக்கறதை எல்லாம் தனியா உதறணும். உங்கண்ணன் ஒவ்வொண்ணா விரிச்சுப் பாத்துத்தான் போடுவாரு. கையைக் குடுங்க."

"ஒரு ஆளை வெச்சுக்கலாம்."

"நாளைக்கு விரிப்பு வேணும். இப்ப ஆளுக்கு எங்க போறது?"

மூட்டையின் வாயை அவிழ்த்தாள். சீழும் மருந்தும் பழைய ரத்தமும் கலந்த வாடை குப்பென்று வந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். சாக்கடையோரம் குனிந்து அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மூட்டையை அவன் விரல்கூடத் தொட்டிருக்கவில்லை.

"சோப்பு அங்கேயே இருக்கு பாருங்க தம்பி," என்று குரல் கொடுத்தாள்.

தெருக்கதவு சாத்தப்பட்டது.

ஆணியில் அவருடைய ரப்பர் கையுறை தொங்கியது. மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பெரிசு, விரல் நுனிகள் காலியாக மடிந்தன. முதல் விரிப்பை விரித்தபோதே அடிவயிறு மேலே வந்தது. அருவருப்புதான், அதில் பொய் இல்லை. விழுங்கிக்கொண்டு உதறினாள். அடுத்ததை எடுத்தாள். ஒரு விரிப்பின் மடிப்பில் ஊசி இருந்தது. அதற்கென்று அவர் வைத்திருந்த டப்பாவில் போட்டாள். முடிச்சு அவிழ்ந்து போயிருந்தவற்றைத் தனியாக வைத்தாள்.

மூட்டைகள் காலியானதும் வீட்டுக்குள் போய் அந்த விரிப்பை எடுத்து வந்தாள். அதில் தலை இருந்த இடம் இன்னும் தெரிந்தது. அதையும் விரித்து, இரண்டு பக்கமும் பார்த்து, உதறி, மற்றவற்றோடு போட்டு மெஷினின் கதவைச் சாத்தினாள். அது ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் ஒரு முறை கழுவினாள். போதும் என்று குழாயை மூடக் கை போனது.

மூடவில்லை. சோப்பை எடுத்துக்கொண்டாள்.