மலைக்கு மீன் கொண்டுபோன இன்ஸ்பெக்டர்

குளச்சலில் ததேயுசைப் போல அடிக்கத் தெரிந்தவன் கிடையாது. நிஜத்தில் அவன் ஒரு ஈயைக்கூட விரட்டாத மீன் வியாபாரி. ஆனால் பெரிய வெள்ளியன்று ஊரில் நடக்கும் பாஸ்கு நாடகத்தில், இயேசுவைச் சாட்டையால் அடிக்கும் சேவகன் வேஷம் வருஷா வருஷம் அவனுக்குத்தான். அவன் கையை ஓங்கினால் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். ஒரு தடவை யாரோ செருப்பைக் கழற்றி எறிந்தார்கள். அதைப் பதக்கம் வாங்கிய மாதிரி இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்த நாடகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முடிந்ததும் அடித்தவன் வேஷத்தோடே போய் அடிபட்டவன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் முகம் கழுவலாம். நடிப்புத்தானே என்று அந்த ஊரில் யாரும் விட்டுவிடுவதில்லை.

ஒரு வருஷம் அந்த அடியைப் பார்த்த டிவிக்காரர் ஒருவர் அவனைத் தன் நாடகத்துக்குக் கூப்பிட்டார். மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடி ஒருவரைச் செய்யாத திருட்டுக்காகப் பிடித்துப்போய் வதைக்கிற இன்ஸ்பெக்டர் வேஷம். தென்காசிப் பக்கம் படப்பிடிப்பு. ததேயுஸ் காக்கிச் சட்டை போட்டு, லத்தியால் கணுக்காலை உடைத்து, பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி நடித்தான். முடிந்ததும் மன்னிப்புக் கேட்கலாமென்று போனால், அடிபட்ட நடிகர் சென்னைக்கு வண்டியேறிவிட்டார். குடிக்காத அந்தத் தண்ணீர் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம் ஒளிபரப்பானது. அக்கம்பக்கம் முழுக்க அவன் வீட்டில் கூடி, ஒவ்வொரு அடிக்கும் அவனைத் திரும்பிப் பார்த்தது. ததேயுசுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கடைசியில், இது நடந்த கதை, பேர் மட்டும் மாற்றியிருக்கிறது என்று போட்டு, நிஜமாகவே அடிபட்டவரின் படத்தைக் காட்டினார்கள்.

மல்லன் காணி. பேச்சிப்பாறை அணைக்கு மேலே, காணிக்குடியில், பல வருஷமாக ததேயுசிடம் சாளை மீன் வாங்குகிறவர்.

"எம்மா, இது நம்ம மல்லன் அண்ணன்லா" என்றான் ததேயுஸ்.

"மரத்திலேந்து விழுந்துதான் அவருக்குக் கால் வளைஞ்சுதுன்னு சொன்னிய?" என்றாள் மனைவி செசிலி.

"நானா நெனச்சிக்கிட்டேன். ஒரு நாளும் கேக்கல்ல."

கூட்டம் கலைந்ததும் செசிலி சொன்னாள்: "நாளைக்கு மலைக்குப் போவாண்டாம். அவருக்கக் காலை ஒடைச்ச மொகத்தப் பாத்தா யாரு மீன் வாங்குவா?"

அவனுக்கும் அதே பயம்தான். மலைக்குடிகளை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதைவிட, அந்த ஜனங்கள் முகம் திருப்பிக்கொண்டால் தாங்க முடியாது என்று தோன்றியது. "ஒரு நாளு போவாம இருந்தா பொறவு ஒரு நாளும் போவ முடியாது பிள்ளே" என்றான்.

மறுநாள் காலையில் காணிக்குடி முக்கில் வண்டியை நிறுத்தி ஹாரனை அழுத்தினான். எப்போதும் தட்டோடு ஓடிவருகிற பெண்களில் ஒருத்தியும் வரவில்லை. மீன் தலைக்கு வாலாட்டும் நாயைக்கூடக் காணோம். மறுபடி அழுத்தினான். செசிலி சொன்னது சரிதான் என்று நினைத்தான்.

வந்தது வந்தாயிற்று என்று வண்டியை மல்லன் வீட்டுக்கே விட்டான். குடி முழுக்க, முந்தின நாள் பார்த்த நாடகத்தைப் பேசிக்கொண்டு, அந்த முற்றத்தில்தான் இருந்தது. அவனைக் கண்டதும் ஒரு சின்னப் பெண் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

ததேயுஸ் யார் முகத்தையும் பார்க்காமல் போய், மல்லன் முன்னால் மண்டியிட்டு, அந்த வளைந்த காலைத் தொட்டான். "மன்னிக்கணும் அண்ணா. அடிச்சவன் கேக்கணும். எங்க ஊரு வழக்கம்."

"அய்யே, எந்திரி. நீயா அடிச்ச?"

"நான் அடிச்சத ஊரு பூரா பாத்துதே."

"பாத்துது" என்றார் மல்லன். "நல்லாத்தான் அடிச்ச. அந்த இன்ஸ்பெக்டரும் அப்பிடித்தான் அடிச்சான். கோர்ட்டு விட்ட பொறவும், களவாண்டாத்தான் போலீசு அடிக்கும்னு எனக்க மச்சினனே சொன்னான். நான் சொல்லி நம்பாதவன் நீ அடிச்சதப் பாத்து நம்பிட்டான். வெடிஞ்சதிலேந்து இஞ்சதான் இருக்கான்."

பலாமரத்தடியில் இருந்த மச்சினன் தலையைக் குனிந்துகொண்டார்.

ததேயுசுக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்க கையால ஒரு வாய் வெள்ளம் தாங்கண்ணா" என்றான். மல்லனே காலை இழுத்து நடந்துபோய்ச் செம்பில் கொண்டுவந்து ஊற்றினார். ததேயுஸ் குடித்தான். வேஷம் எதுவும் இல்லாவிட்டாலும் மிச்சத் தண்ணீரில் முகத்தையும் கழுவிக்கொண்டான்.

மல்லனின் மனைவி பகவதி இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள்.

"எல்லாம் செரி. எனக்க கோழி எங்க?"

"எந்தக் கோழி அக்கா?"

"இவர இழுத்துக்கிட்டுப் போன அன்னைக்கு, எனக்க ரெண்டு கோழியையும் அந்த இன்ஸ்பெக்டரு பிடிச்சிட்டுப் போனான். நாடகத்துல அதக் காட்டவே இல்லியே."

ததேயுஸ் வண்டிக்குப் போனான். பெட்டியைத் திறந்து, ஐசுக்கு அடியில் கிடந்த பெரிய சூரை மீனைத் தூக்கிவந்து நீட்டினான். "கோழிக்குப் பதிலா, அக்கா."

பகவதி அதை வாங்கிக் கையிலேயே எடை பார்த்தாள். "கோழி ரெண்டாக்கும்" என்றாள். "ஒண்ணு அடையிருந்த கோழி."

மல்லன் சிரித்துவிட்டார். முற்றமே சிரித்தது, மச்சினன் உட்பட. ததேயுஸ் சிரித்துக்கொண்டே இன்னொரு மீனை எடுத்துவந்தான். அதையும் வாங்கிச் சட்டியில் போட்ட பிறகு பகவதி சிரிக்காமல் சொன்னாள்:

"நெசமா அடிச்சவன் வரல்ல. வரவும் மாட்டான். யாராவது ஒருத்தன் வரணுமில்லியா."

பிறகு மற்றப் பெண்களைப் பார்த்து, "நீங்க என்ன வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிய? மீன் வாங்காண்டாமா?" என்றாள். அவர்கள் தட்டு எடுத்துவர வீடுகளுக்குப் போனார்கள். ததேயுஸ் பெட்டியை முழுக்கத் திறந்து வைத்து, சாளையை அள்ளி மேலே போட்டான்.