எந்த ‘வரேன்’?

என் நாத்தனாருக்கு வாய் கம்மி, விரல் அதிகம். கொஞ்ச நாள் கணினி முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை, என் வேலையில் பாதியைத் தூக்கி ஒரு செயலியின் கையில் கொடுத்துவிட்டாள்.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. ஊருக்கு உதவுகிறவர்களுக்கு உதவுகிற அலுவலகம் எங்களுடையது. சக்கர நாற்காலி பழுது பார்த்துக் கொடுக்கிற குழு, தெருநாய்களுக்கு ஒரு காப்பகம், வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வேன் என்று சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகள் நிறைய இருக்கின்றன. அமைப்பை எப்படிப் பதிவு செய்வது, தன்னார்வலர்களை எங்கே தேடுவது என்றெல்லாம் அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் இல்லையா? அந்த யாராவது நான்தான். முதல் மாடியில் நீளமாக ஓர் அறை, நடுவில் பெரிய மேஜை, சுற்றிலும் ஒன்றோடொன்று ஜோடி சேராத நாற்காலிகள். ஒரு காலத்தில் அங்கே உட்கார இடம் கிடைக்காது.

இப்போது எல்லாம் செல்பேசியில்தான். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கேள்விகள் நேரம் காலம் பார்க்காமல் வந்து விழுகின்றன. நான் ஒருத்தி எத்தனைக்குப் பதில் சொல்வேன்? அதனால்தான் எங்கள் தலைவர், பதில் சொல்கிற செயலி ஒன்றைச் செய்து தரும்படி, அலுவலகக் கணினி வேலைகளைப் பார்க்கிற என் நாத்தனாரிடம் கேட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கூடவே இன்னொன்று சொன்னார் பாருங்கள், அதுதான் வருத்தம்.

“பதிலை அதுவே சொல்லிடும்னா அந்த ரூம் எதுக்கும்மா? வர்றவங்களே இல்லையே. மாசக் கடைசியில காலி பண்ணிடலாம். நீங்க வீட்டிலிருந்தே வேலை பாருங்க.”

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய வாய் இது. வீட்டுச் சுவரோடு பேச எனக்கு வராது. அந்த அறை போய்விட்டால் நானும் போன மாதிரிதான் என்று தோன்றியது.

செயலிக்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை. நான் ‘தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். திட்டுவதற்கு வசதியாக இருந்தது.

“உங்க தம்பி எப்படி இருக்கான் அண்ணி?” என்று அறையின் மூலையிலிருந்து கேட்பாள்.

“பெத்தது நீ, உறவு மட்டும் எனக்கா?” என்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, தம்பி கெட்டிக்காரன். ஒரே விஷயத்தை யாராவது இரண்டாம் முறை கேட்டால், காது எங்கே இருக்கிறது என்று நான் கேட்டுவிடுவேன். அவன் எத்தனை முறை கேட்டாலும் ‘நல்ல கேள்வி’ என்று ஆரம்பிப்பான். அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, அறையை ஒப்படைப்பதற்காகக் கட்டட உரிமையாளரைத் தலைவர் அழைத்து வருவதாக இருந்தது. நான் தேநீர்க் கோப்பைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது சக்கர நாற்காலி மெக்கானிக் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

“வரச் சொன்னீங்களாமே அக்கா?”

“நானா? நான் எங்க சொன்னேன்?”

செல்பேசியை நீட்டினார். ‘வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம். மறவாமல் வரவும்’ என்று தம்பி அனுப்பியிருந்தான்.

“மறவாமல்னு வேற போட்டிருந்துச்சு. என்னமோ ஏதோன்னு கடையைப் பூட்டிட்டு ஓடி வரேன்.”

அவரை உட்காரச் சொல்வதற்குள் நாய்க் காப்பகக்காரர் வந்துவிட்டார். கூடவே மூன்று கால் நாய் ஒன்று. அதற்குப் பின்னால், வேன் நடத்துகிற ஓய்வு பெற்ற நர்ஸம்மா. எல்லார் கையிலும் அதே செய்தி. மாடிப்படியில் செருப்புச் சத்தம் நிற்கவே இல்லை. கட்டி வைத்த கோப்பைகளை மறுபடியும் பிரித்தேன். உண்மையைச் சொன்னால், கை பிரித்தது, மனசு துள்ளியது.

நாத்தனார் உரையாடல்களைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணி, இவங்க எல்லாருமே ‘வரேன்’னு சொல்லியிருக்காங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“பேசி முடிச்சதும். ‘சரிப்பா, வரேன்’னு. இவன் அதை நிஜம்னு நம்பிட்டான். நேர்ல வர்றவங்களுக்கு நான் வெள்ளிக்கிழமைதான் ஒதுக்கியிருந்தேன். இந்த வாரம் விடைபெற்ற எல்லாரையும் இன்னைக்கே போட்டுட்டான்.”

கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்ல நம்மில் யாருக்கு நாக்கு எழும்பும்? போகிறவர்கள் எல்லாரும் வருகிறேன் என்றுதான் சொல்கிறோம்.

“நீயும் தினமும் வரேன் வரேன்னுதானே கிளம்புற? இதைச் சொல்லிக் கொடுக்கத் தோணலையா?”

“தோணினாத்தானே அண்ணி சொல்லிக் கொடுக்க?”

அந்த நேரம் பார்த்துத் தலைவரும் உரிமையாளரும் வாசலில் வந்து நின்றார்கள். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ரூமை விடக் கூடாதுன்னு நீங்க ஆள் சேத்தீங்களா?”

“எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது சார்? நீங்க கேட்டு வாங்கின தம்பிதான் சேத்தான்.”

இதற்கிடையில் மேஜையின் அந்தப் பக்கம் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் வேலையை விட்டு நின்றுவிட்டதால் வேன் சும்மா கிடக்கிறது என்று நர்ஸம்மா புலம்பினார். நாய்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வண்டி ஓட்டுற பசங்க என்கிட்ட இருக்காங்கம்மா. வண்டிதான் இல்லை. நாய்ங்களை டாக்டர்கிட்ட கொண்டுபோக படாத பாடு படறேன்.”

“என் வேன்ல நாயா?”

“காலையில உங்க பெரியவங்க, சாயங்காலம் என் நாய்ங்க. கழுவித் துடைச்சு விட்டுடறோம்.”

நர்ஸம்மா முகத்தைச் சுளித்தார். மூன்று கால் நாய் எழுந்து போய் அவர் மடியில் தலையை வைத்தது. சுளித்த முகம் அப்படியே தங்கவில்லை.

“ஏறுறதுக்குச் சாய்வா ஒரு பலகை அடிச்சுத் தரேன்,” என்றார் மெக்கானிக். “சக்கர நாற்காலியும் ஏறும், இவனும் ஏறுவான்.”

தலைவர் என் நாத்தனார் பக்கம் திரும்பினார். “இதைத் தம்பி சொல்லியிருக்க மாட்டானா?”

“ரெண்டு பேருமே அவன்கிட்ட கேட்டிருக்காங்க சார். அவங்களுக்கு ஓட்டுநரை எங்க தேடலாம்னு சொன்னான், இவருக்கு வண்டி எங்க கிடைக்கும்னு சொன்னான். ரெண்டுமே சரியான பதில்தான். ஆனா ஒருத்தர் பேசினதை இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் கட்டிப் போட்டிருக்கேன்.”

“அப்ப கட்டை அவுத்து விட்டுடலாமே?”

“அது தப்பு சார். ‘இப்படி ஒருத்தர் இருக்காங்க, பாக்கறீங்களா’ன்னு ரெண்டு பேர்கிட்டயும் கேக்கச் சொல்லலாம். சரின்னா பாக்கட்டும்.” மேஜையைக் காட்டி, “பாக்க ஓர் இடம் வேணும்,” என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் என் பக்கம் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. அழுதால் பேச்சு வராது என்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்திக்கொண்டேன்.

“கேள்விக்குப் பதில் அவனே சொல்லட்டும் சார். அவன் பொறுமை எனக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் இவங்க இங்க வரட்டும். மத்த நாள்ல, கூட்டம் போட இடம் இல்லாம அலையிற குழுங்க எடுத்துக்கட்டும். அதுக்கு நேரம் குறிக்கிற வேலையையும் தம்பியே பாக்கட்டும்.”

தலைவர் உரிமையாளரைத் திரும்பிப் பார்த்தார். உரிமையாளர் எப்போதோ உட்கார்ந்துவிட்டார். ஒரு கையில் தேநீர், காலடியில் நாய். எழுந்திருக்கிற யோசனையே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மதியத்துக்குள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ‘வரேங்க்கா’, ‘வரேம்மா’ என்று படியெல்லாம் வரேன். கடைசியில் உரிமையாளரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு தலைவர் இறங்கினார். அறையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பாதிப் படியில், திரும்பாமலே சொன்னார்.

“சரிம்மா, வரேன்.”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டே விட்டேன்.

“எந்த வரேன் சார்?”

நின்றார். சட்டைப் பையில் கையை விட்டு, உரிமையாளரிடம் கொடுக்கக் கொண்டுவந்த சாவியை எடுத்தார். மறுபடி மேலே ஏறி வந்து அதை என் கையில் வைத்தார்.

“நிஜ வரேன்மா. அடுத்த வெள்ளிக்கிழமை. எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைங்க.”

உள்ளே வந்து சாவியை மேஜையில் வைத்தேன். நாத்தனார் ஏற்கெனவே தட்ட ஆரம்பித்திருந்தாள்.

“அண்ணி, எது போற வரேன், எது வர்ற வரேன்னு இவனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கறது?”

“கேக்கச் சொல்லு,” என்றேன். “நானும் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”