கடைசி வண்டி

"அமரர் ஊர்தி முன்னாடி! பைக்கெல்லாம் பின்னாடி, ரெண்டு ரெண்டா!" என்று இறந்தவரின் அண்ணன் நடுத்தெருவில் நின்று கையை வீசிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் ஆட்களை வரிசையில் நிறுத்தும் ஆசை அவருக்கு ஓயவில்லை. இருபத்திரண்டு பைக்குகள் ஒன்றாகக் கிடைத்ததில் துக்கம்கூடக் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.

வாசலில் அவர் அச்சடித்துக் கட்டிய பதாகை. 'சாகசப் பயணங்களை முன்னின்று நடத்திய மாவீரன்.' முப்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக் கிரீஸ் கையோடு வீடு திரும்பிய மனிதர், அதில் கழுத்துப்பட்டை இறுகி முழித்துக்கொண்டிருந்தார்.

'இரும்புப் பருந்துகள்' பைக் சங்கத்தின் தலைவர் பதாகையைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். தொழில், பல் டாக்டர். கறுப்புத் தோல் ஜாக்கெட்டின் முதுகில் சிறகு விரித்த பருந்து. அடித்த வெயிலில் பருந்துக்கே வியர்த்திருக்கும்.

"சார், அவர் முன்னாடி போறது சரியா வராது. பின்னாடிதான் வரணும்."

"என்னய்யா பேசுறீங்க? செத்தவனைப் பின்னாடி விட்டுட்டு நீங்க முந்திப் போவீங்களா? இதென்ன ரேஸா?"

இறந்தவரின் மனைவி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகள். "நான் இல்லாம அவங்க ஒரு முனைகூடத் திரும்ப மாட்டாங்க, தெரியுமா?" என்று ஷூ கயிற்றைக் கட்டியபடி அவர் பெருமையடிப்பார். "ஆமா, நீங்கதான் சிக்னல் கம்பம்" என்பாள் இவள். திரும்பி வர மாலையாகிவிடும். மதியச் சாப்பாடு இரண்டு முறை சூடாகி ஆறியிருக்கும். நேற்றும் அப்படித்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலுறையைக் கழற்றினார். மற்றதை இவள்தான் கழற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பெருமையை இவள் சொல்லப்போய்த்தான் அண்ணன்காரர் அதைப் பதாகையாக்கியிருந்தார். இப்போது பருந்துகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதம் சரியாகப் படவில்லை. அத்தனை ஞாயிறும் இவர்களுக்கு அவர் ஒரு கேலிப்பொருளாக இருந்தாரோ?

பருந்துகளில் ஒருத்தியான நர்ஸ் பைக்கிலிருந்து இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, அவர் எங்க கடைசியார்."

"என்னது?"

"வரிசையில எப்பவும் கடைசி வண்டி அவரோடதுதான்க்கா. அதான் கடைசியார்."

மாவீரன் பதாகையில் முழித்துக்கொண்டே இருந்தார்.

"விடுங்க அத்தான்" என்றாள் அவள். "எப்பவும் போற மாதிரியே போகட்டும்."

முகம் சுண்டிப்போன அண்ணன்காரர், மயானத்தில் வருகிறவர்களை வரவேற்க ஆள் வேண்டும் என்று சொல்லிக் காரில் முதல் ஆளாகப் போய்விட்டார்.

அவள் அமரர் ஊர்தி வேனில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சங்கத்திடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்துவந்த அவருடைய டூல்ஸ் பெட்டி மடியில் கனத்தது.

"ஹெட்லைட்டைப் போட்டுக்கங்க" என்றார் பல் டாக்டர்.

"பட்டப்பகல்லயா?" என்று முனகிக்கொண்டே டிரைவர் போட்டார்.

முதல் முனையில் இருபத்திரண்டு பைக்குகளும் நின்றன. எல்லாரும் தலையைச் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்தார்கள். வேனின் வெளிச்சம் கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் திரும்பினார்கள். இரண்டாவது முனையிலும் அதேதான்.

"என்னம்மா இது, வழி தெரியாத கும்பலா?" என்றார் டிரைவர்.

அவள் சிக்னல் கம்பம் என்று எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று எண்ணிப்பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மேட்டில் ஏறும்போது வேன் இருமி நின்றுபோனது. பைக்குகள் மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டன. அண்ணன்காரர் போனில் கத்தினார்: "எங்க இருக்கீங்க? பன்னெண்டு மணிக்கு நேரம் குடுத்திருக்காங்க!"

சாலை வெறிச்சென்று கிடந்தது. அவள் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் நர்ஸின் ஹெல்மெட் தெரிந்தது. பின்னாலேயே மற்ற எல்லாரும்.

"கண்ணாடியில வெளிச்சத்தைக் காணோம்க்கா. அதான் திரும்பிட்டோம்."

பல் டாக்டர் வேன் எஞ்சினின் மூடியைத் திறந்து, சொத்தையைத் தேடுகிறவர் மாதிரி உள்ளே வெகுநேரம் பார்த்தார். "சூடா இருக்கு" என்றார்.

"உங்கள்ல ஒருத்தருக்குமா ரிப்பேர் தெரியாது?" என்றாள் அவள்.

பருந்துகள் ரோட்டைப் பார்த்தன.

"யார் வண்டி நின்னாலும் பின்னாடி கடைசியார் வருவாரே" என்றாள் நர்ஸ். "நாங்க கத்துக்கவே இல்லக்கா. சாயங்காலம்கூட ஒவ்வொருத்தரையா வீட்டு வாசல்ல விட்டு, உள்ள போய்க் கதவைச் சாத்தினப்புறம்தான் அவர் கிளம்புவார்."

அவள் ஒரு நொடி பெட்டியின் மூடியைத் தடவினாள். பிறகு டிரைவரைப் பார்த்தாள். "ஹாரன் அடிங்க."

சத்தமே இல்லை.

"லைட்டும் போயிடுச்சு, ஹாரனும் போயிடுச்சுன்னா பேட்டரி முனை லூஸாயிருக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க டாக்டர்."

கொல்லையில் அவருக்கு டார்ச் பிடித்தே பழகிய கை. பெட்டியில் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு மட்டும் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அவள் எப்போதும் தப்பானதையே எடுத்துக் கொடுப்பாள் என்று அவர் சுற்றிவைத்தது. முனையை உட்கார்த்தி இறுக்கினாள். டிரைவர் சாவியைத் திருப்பினார். வேன் உறுமியது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பருந்துகள் அவசரமாக ஹெல்மெட் மாட்டிக்கொண்டன.

பெட்டியை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

மயானத்துக்கு முந்தைய முனையில் இருபத்திரண்டு பைக்குகளும் நின்றன. இருபத்திரண்டு தலைகளும் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தன.

"பேட்டரி பாவம்மா, லைட்டை அணைச்சிரட்டுமா?" என்றார் டிரைவர்.

"எரியட்டும்" என்றாள் அவள். ஸ்பேனரைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, முன்னால் ஒவ்வொரு கண்ணாடியிலும் வந்து உட்கார்ந்த அந்தச் சின்ன மஞ்சள் பொட்டைப் பார்த்தாள்.